ஏகாதசி நிர்ணயமும் பஞ்சாங்கமும்

பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களில் ஸ்ரீவைஷ்ணவர்களுக்குப் பெரும் விசாரத்துக்கு இடமாவது திதியே. சூரியோதயத்துக்கு 4 நாழிகை முன்னுள்ள அருணோதயத்தில் தசமி சிறிதேனும் தொடுமாயின் அந்த ஏகாதசி கொள்ளத்தக்கதன்று. உபவாஸம் துவாதசிக்கு மாறும். ஆகவே தசமி 56 நாழிகையைக் கடந்ததா என்பதே கேள்வி.

தமிழகத்தில் நெடுங்காலம் இதற்கு விடையளித்தவை வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் த்ருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். (வழக்கில் 'திருக்கணிதம்' ஆயினும் அது 'திரு' அன்று, த்ருக் என்றது கண்ணை.) இரு கணிதங்களும் திதியின் முடிவில் சில நாழிகை வேறுபடுவதுண்டு. கிரஹணத்தில் எது பொருந்துகிறது என்பதைக் கண்ணே காட்டிவிடும். தசமி முடிவதையோ எவர் கண்ணும் காணாது. அதனாலேயே கிரஹணத்துக்குத் த்ருக்கை ஏற்றவர் பலரும் உபவாஸத்துக்குப் பெரியோர் கைக்கொண்ட வாக்கியத்தை விட்டிலர். அடுத்தடுத்த திருமாளிகைகளில் ஒன்றில் உபவாஸமும் மற்றொன்றில் பாரணையும் ஒரே நாளில் நேர்வது இதனால்தான்.