கேரிக் அரங்கம் (சிகாகோ)

அமெரிக்காவின் சிகாகோ நகரில், டாங்க்மர் ஆட்லர், லூயிஸ் சல்லிவன் என்னும் கட்டடக் கலைஞரிருவரால் நிர்மாணிக்கப்பெற்று 1892இல் திறக்கப்பட்டு, 1961இல் இடிக்கப்பட்ட நாடக, திரைப்பட அரங்கம். ராண்டால்ஃப் வீதியிலிருந்த 17 மாடி ஷில்லர் கட்டடத்தினுள், ஏறத்தாழ 1,300 பேர் அமரத்தக்கதாய், ஜெர்மானிய மொழி நாடகங்களுக்கென எழுந்த இது, பின்னர் கேரிக் என நாமகரணம் பெற்று, வாடவில் எனும் பல்சுவை மேடைக் காட்சிகளுக்கும், திரைப்படங்களுக்கும், 1950களில் தொலைக்காட்சிக்கும் இடமளித்தது. மேடையினின்று சபையை நோக்கி அடுக்கடுக்காய் விரிந்த வளைவுகள், சல்லிவனின் நுண்ணிய அலங்காரங்களைத் தாங்கியதோடு, ஆட்லரின் ஒலியியல் ஞானத்தால் நடிகரின் குரலைக் கடைசி வரிசைவரை தெளிவாகக் கொண்டுசென்றமையே இவ்வரங்கின் தலையாய சிறப்பாகும். புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் நிக்கல் முதலியோர் இடிப்பை எதிர்த்து வீதியில் நின்று கிளர்ச்சி செய்தும், அது குறித்த வழக்கு கட்டட உரிமையாளருக்கே சாதகமாக முடிய, ஈடுசெய்யவொண்ணாத அக்கலைச் செல்வம் அழிந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் எழுந்தது. நிக்கலும் நண்பர்களும் பெயர்த்தெடுத்த அலங்காரத் துண்டுகளுள் சில, அந்நகரின் செகண்ட் சிட்டி நகைச்சுவை அரங்க முகப்பில் பதிக்கப்பெற்றன.