கொல்லையில் முளைத்த சந்தனம்: ஜவ்வாது மலைக் கோடை பற்றிச் சில குறிப்புகள்

'கொல்லைக்குப் போயிருக்காங்க' என்று தஞ்சாவூர்ப் பக்கம் சொன்னால், கேட்டவர் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார். வடாற்காட்டிலோ, மானாவாரி நிலத்தில் வேலையாக இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். முல்லை நிலத்தில் வரகு விளைந்த இடத்தைக் குறித்த பழைய சொல், நெல்வயல் ஆதிக்கம் பெற்ற பகுதியில் வீட்டின் பின்புறமாகச் சுருங்கிப்போனது எனலாம். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரிடம் (கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) இரண்டு பொருளும் ஒட்டியே கிடக்கின்றன. வீட்டை ஒட்டி அவரை, பூசணி, மிளகாய். கொஞ்சம் தள்ளிச் சாமை. அதற்கும் அப்பால் புளி, பலா, தேன். இதில் தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது? இந்தக் கேள்வியை மலையில் எழுப்பியது அரசு.

கோடை என்றால் நமது நடுத்தர வர்க்க மனதுக்கு உதகையும் ஏற்காடும் மலர்க் கண்காட்சியும்தான். 1848இல் உதகையில் தாவரவியல் பூங்கா உருவாகத் தொடங்கியதிலிருந்து, மலை என்பது சமவெளிக்காரர் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாகவே கட்டமைக்கப்பட்டு வந்திருக்கிறது. ஜமுனாமரத்தூரிலும் அரசு கோடை விழா நடத்தியதுண்டு. ஆனால் அங்கேயே குடியிருப்பவர்களின் கோடை வேறு. மாசி, பங்குனியில் புளி உலுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தேனும் பலாவும். ஒரு கோடை மழை இறங்கினால் ஏர் பூட்ட வேண்டும். பருவமழை வந்ததும் சாமை விதைப்பு. போன அறுவடையின் சாமை தீர்ந்துகொண்டு வருவதும் இந்த மாதங்களில்தான். கொல்லை காய்ந்து கிடக்கும்போது கை நீளுவது காட்டுக்குள். வருஷத்தில் பாதிக்குக் கொல்லை என்றால், மீதிப் பாதிக்குக் காடே கொல்லை.

இது வெறும் பழக்கமா, உரிமையா? சென்னை மாகாண வருவாய் வாரியம் 1871இல் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. ஏதாவதொரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு மாகாணத்தில் அநேகமாக இல்லை. தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றுக்கான பங்குத் தொகை நீங்கலாக, அண்மைக்காலம் வரை அரசு காட்டின்மீது சொத்துரிமை கொண்டாடியதும் இல்லை என்றது வாரியம். பதினோரு வருஷத்தில் 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் வந்தது. 'ஒதுக்கப்பட்ட காடு' என்ற சொல்லின் வழியே நேற்றுவரை பொறுக்கித் தின்றது திருட்டானது.

இந்தச் சட்ட மனோபாவத்துக்கு ஐரோப்பாவில் ஒரு முன்கதை உண்டு. இந்திய வனப் பணிக்கான ஆங்கிலேயர்கள் பலர் பிரான்சின் நான்சி நகர வனக் கல்லூரியில் பயின்றவர்கள். அந்த பிரான்சிலேயே 1827ஆம் ஆண்டு வனச் சட்டம் மேய்ச்சலையும் விறகையும் பறித்தபோது, 1829இல் அரியேஜ் பகுதி மலை விவசாயிகள் பெண்களைப் போல வேஷம் கட்டி, முகத்தில் கரி பூசி, வனக் காவலர்களை விரட்டினார்கள். 'கன்னியரின் போர்' என்று அதற்குப் பெயர். காடு கைவிட்டுப் போனாலும் பிரெஞ்சு விவசாயிக்கு வீட்டுக்குப் பின்னாலிருந்த காய்கறித் தோட்டம் மிஞ்சியது. அவனுடைய கோடை அங்கே தொடர்ந்தது. சட்டம் வேலிக்கு வெளியே நின்றது.

இங்கே அது வேலிக்குள்ளும் வந்தது. சந்தனப் பழத்தைப் பறவை தின்று விதையைப் போடும். வேலியோரத்தில் முளைக்கும் கன்று பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு வளரும். யாரும் நட வேண்டியதில்லை. ஆனால் பட்டா நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுடையது என்பதே நெடுங்கால நிலை. 2008இல் பட்டா நிலச் சந்தனத்துக்குத் தனி விதிகள் வந்த பிறகும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். மரம் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்குப் போகும். மரம் காணாமல் போனால் கேள்வி நிலத்துக்காரரிடம் வரும். 'எதுக்கு வம்பு' என்று கன்றாக இருக்கும்போதே பிடுங்கிப் போட்டவர்களை எப்படிக் குறை சொல்ல முடியும்? தன் கொல்லையில் எது முளைக்கலாம் என்பதைக்கூட மலையாளி தீர்மானிக்க முடியவில்லை.

காடும் இல்லை, கொல்லையும் காய்ந்தது என்றால் கோடையில் மலையை விட்டு இறங்கத்தான் வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற இருபது தமிழர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்களோடு மோதல் என்றது காவல்துறை; போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். அப்போது நம் பத்திரிகைகள், இவர்கள் 'மரம் வெட்டுவதில் கைதேர்ந்தவர்கள்' என்று எழுதின. சொந்த மலையின் சந்தனத்தைக் கூலிக்கு வெட்டிக் கற்ற தொழில் இங்கே குற்ற இயல்பாகச் சொல்லாடப்பட்டது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மொழி செத்துப்போகவில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நில உரிமையோடு தேன் உள்ளிட்ட சிறு வன மகசூலின் மீதான உரிமையையும் ஏற்கிறது. களத்தில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் முன்னதையே பிடித்துக்கொள்கிறோம். 'பட்டா வாங்கிக் குடுத்தாச்சு' என்று சொல்லிக்கொள்ள அது வசதி. சாமை விளையும் துண்டை மட்டும் அளந்தால் பாதி வருஷத்தைத்தான் அளந்திருக்கிறோம். புளியும் பலாவும் தேனும் உள்ள கோடைக் கொல்லைக்கு உரிமை கேட்டு மனு எழுதும் வேலை அப்படியே கிடக்கிறது.