வெண்புள்ளி: ஒரு நோயின் ஆராய்ச்சி வரலாறும் அச்சுவேலி நோயாளரும்

1978இல் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் ஆரன் லேர்னரும் ஜேம்ஸ் நோட்லண்டும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெண்புள்ளி பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த நோய் முக்கியமானதுதானா என்ற கேள்வியை அவர்கள் தலைப்பிலேயே வைத்தார்கள். உயிரைப் பறிக்காத, வலி தராத, தொற்றாத ஒரு நோயை மருத்துவ உலகம் அதுவரை பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் அவர்கள் அப்படிக் கேட்டதற்குக் காரணம். யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் மகளுக்குக் குறிப்புப் பொருத்தம் பார்க்கத் தொடங்கிய வேளையில் அவளுடைய உதட்டோரம் வெள்ளையாவதைக் கண்ட ஒரு தாய்க்கு அந்தக் கேள்வி தேவைப்படாது. உலக மக்களில் 0.5 முதல் 2 வீதம் பேருக்கு வரும் நோய் இது. தோலில் நடப்பது பற்றிய ஆராய்ச்சி எப்படி வளர்ந்தது, தோலுக்கு உரியவரைப் பற்றிய ஆராய்ச்சி ஏன் இவ்வளவு பிந்தியது என்பதை அச்சுவேலி இருக்கும் வலிகாமம் கிழக்கிலிருந்து பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

நோயும் அதற்கான மருந்தும் நம் பக்கத்தில் மிகப் பழையவை. அதர்வ வேதத்தில் வெள்ளைத் திட்டுகளைப் போக்க மூலிகையை வேண்டும் பாடல்கள் உண்டு. சரகர் இதனைச் சுவித்திரம் என்றார். சுசுருதர் கிலாசம் என்று குறித்து, குட்ட நோயோடு சேர்த்துப் பேசினாலும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னார்: கிலாசம் தோலோடு நின்றுவிடும், அதிலிருந்து நீர் வடியாது. சித்த மருத்துவமும் இதைக் குட்ட வகைகளுள் வைத்து வெண்குட்டம் என்றது. இரு மரபுகளும் கையாண்ட முக்கிய மருந்து கார்போகரிசி. அதை அரைத்துப் பூசி உடம்பை வெயிலில் காட்டச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் இந்த மரபின் ஈழத்துக் கிளைகள். பரராசசேகரத்தைக் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றியவர் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை. ஊர்ப் பரியாரியாரின் கைமருந்துக்குப் பின்னால் எழுத்தில் வந்த ஓர் அறிவுத் தொடர் இருந்தது என்பதற்கு அந்தப் பதிப்பு சான்று.

சுசுருதர் காட்டிய வேறுபாடு மருத்துவ நூலோடு நின்றுவிட்டது. ஊருக்குள் வந்தது குட்டம் என்ற சொல் மட்டுமே. தொழுநோய்க்கும் அதே சொல். அதனால் தொழுநோயாளர் மேல் இருந்த அச்சம் முழுவதும் வெண்புள்ளி உள்ளவர் மேலும் இறங்கியது. இலங்கையில் அந்த அச்சத்துக்கு அரசின் துணையும் இருந்தது. ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் தொழுநோயாளர் விடுதியை அமைத்தார்கள். பிரித்தானியர் 1901இல் தொழுநோயாளர் கட்டளைச் சட்டத்தால் அவர்களைப் பிரித்து அடைத்து வைப்பதைக் கட்டாயமாக்கினார்கள். பின்னர் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவும் அதே வேலைக்குப் பயன்பட்டது. உடம்பில் வெள்ளை விழுந்தால் தீவுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து வாழ்ந்த சமூகத்தில் ஒருவர் தம் திட்டை மறைத்ததில் வியப்பில்லை.

தொழுநோயையும் வெண்புள்ளியையும் பிரித்தறிய ஒரு துண்டுப் பஞ்சே பெரிதும் உதவும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மருத்துவர் பஞ்சின் நுனியைத் திரித்துத் திட்டின் மேல் மெல்லத் தொடுவார். தொட்ட இடத்தை நோயாளி விரலால் காட்ட வேண்டும். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும். வெண்புள்ளியில் நல்ல தோலில் உள்ளது போலவே உணர்ச்சி இருக்கும். தொழுநோய்த் திட்டு மங்கலாகவோ சிவந்தோ தெரியும். வெண்புள்ளி சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்து, ஓரம் தெளிவாக இருக்கும். தொழுநோய்க் கிருமியை மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்ட பிறகு இரண்டும் ஒன்றல்ல என்பதில் மருத்துவத்துக்கு எந்த ஐயமும் இல்லை. அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளாகியும் ஊரில் குழப்பம் தொடர்கிறதென்றால் அந்தக் குறையை மக்கள் மேல் மட்டும் சுமத்த முடியாது. விளங்கச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

தமிழில் சொல்லலாம் என்பதை இந்த மண்ணிலேயே ஒருவர் காட்டினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872இலும் வெளிவந்தன. ஆயினும் வெண்புள்ளியைப் பொறுத்தவரை அன்றைய மேலை மருத்துவத்திடம் இருந்தது பெயரும் விவரிப்புமே. மருந்து இல்லை. நோயாளர் பரியாரியாரிடமே திரும்பிப் போனார்கள். அந்த நூற்றாண்டில் அது தவறான தெரிவும் அல்ல.

மாற்றம் எகிப்திலிருந்து வந்தது. நைல் கரையில் தானாக முளைக்கும் அம்மி மாஜுஸ் என்ற செடியின் விதையை உண்டு வெயிலில் நிற்பது அங்கே நாட்டு வைத்தியம். 13ஆம் நூற்றாண்டு மருந்தியல் அறிஞர் இபின் அல்பைத்தார் அதைப் பதிவு செய்திருக்கிறார். 1940களில் கெய்ரோவில் பாஹ்மியும் அபூ ஷாடியும் அந்த விதையிலிருந்து சோரலன் வகைப் பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். அப்தெல் மொனைம் எல் மொஃப்டி அவற்றை நோயாளருக்குக் கொடுத்து 1948இல் பலனை வெளியிட்டார். கார்போகரிசியில் இருப்பதும் சோரலன் குடும்பமே. தமிழ்ப் பரியாரியாரும் எகிப்திய நாட்டு வைத்தியரும் வெவ்வேறு விதைகளில் ஒரே குடும்பப் பொருள்களைக் கையாண்டிருந்தார்கள். சோரலன் தனியே எதையும் செய்யாது. புறஊதாக்கதிர் பட்டால்தான் வேலை செய்யும். மருந்துக்குப் பிறகு வெயில் காயச் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அமெரிக்காவில் தோமஸ் பிற்ஸ்பற்றிக்கும் இந்தியாவிலிருந்து சென்ற மதுகர் பாதக்குக்கும் இந்த மருந்து வாழ்நாள் ஆய்வாயிற்று. 1974இல் அவர்கள் குழு சோரலனையும் நீள்அலைப் புறஊதாக்கதிரையும் சேர்த்துச் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுத்த முறை உலகமெங்கும் பரவி, விரைவில் வெண்புள்ளிக்கும் வந்தது. லேர்னர் 1958இல் மெலற்றோனினைப் பிரித்தெடுத்தபோது அவர் தேடியதும் தோலின் நிறத்தை மாற்றும் பொருளையே. இன்று உறக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் அந்தச் சுரப்பு வெண்புள்ளி ஆராய்ச்சியின் கிளைக் கண்டுபிடிப்பு.

சிகிச்சை பலிப்பதைக் கண்ணால் காணலாம். சில மாதங்களில் வெள்ளைத் திட்டின் நடுவே, ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி, கடுகளவில் மண்ணிறப் புள்ளிகள் தோன்றும். அவை விரிந்து ஒன்றோடொன்று சேரும். மயிர்க்காலின் அடியில் ஒளிந்து தப்பிய நிறமிக் கலங்களே மேலேறி வருகின்றன. மயிர் இல்லாத விரல் நுனியும் உதடும் மருந்துக்கு எளிதில் இணங்காததும் இதனால்தான். ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கார்போகரிசியை அளவு தெரியாமல் பூசி நண்பகல் வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்து வெந்துவிடும். உள்ளுக்குச் சாப்பிட்டு ஈரல் பழுதானவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

நோய் எங்கிருந்து வருகிறது என்ற தேடலுக்கு ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையும் உதவியது. 1939இல் அமெரிக்காவில் அங்கே வேலை செய்தவர்களின் கைகள் முழங்கை வரை வெளுத்தன. அவர்கள் அணிந்த றப்பர் கையுறையில் கலந்திருந்த மொனோபென்சோன் என்ற இரசாயனம் நிறமிக் கலங்களைக் கொன்றிருந்தது. இதே வகைப் பொருள்கள் றப்பர் செருப்பிலும் ஒட்டுப் பொட்டின் பசையிலும் இருப்பதை இந்திய மருத்துவர்கள் பின்னர் கண்டார்கள். நெற்றியில் பொட்டளவில் வெள்ளை விழுந்தால் முதலில் அந்தப் பொட்டை நிறுத்த வேண்டும். 2013 யூலையில் யப்பானின் கனெபோ நிறுவனம் தோலை வெளுக்கவைக்கும் தன் அழகுசாதனப் பொருள்களைச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. அவற்றைப் பூசிய ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் திட்டுத் திட்டாக நிறம் போயிருந்தது. வெள்ளையாக வேண்டும் என்று களிம்பு வாங்கும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இந்தியப் பங்களிப்பு இன்னும் உண்டு. டெல்லியில் பி.என். பெஹல் 1960களில் மெல்லிய தோலைச் சீவி ஒட்டும் அறுவை முறையைப் பரப்பினார். ஜே.எஸ். பஸ்ரிச்சா வேகமாகப் பரவும் நோயை நிறுத்த, வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்கள் மட்டும் ஸ்ரீரொயிட் கொடுக்கும் முறையை வகுத்தார். செலவு குறைந்த அந்த முறை இன்றும் பயனில் உள்ளது.

1997இல் அம்ஸ்ரர்டாமில் வெஸ்ரர்ஹோவ் குழு, சோரலன் இல்லாமலே 311 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரால் நிறத்தை மீட்கலாம் என்று வெளியிட்டது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது என்பதால் உலகெங்கும் முதன்மைச் சிகிச்சையானது. அதே காலத்து அச்சுவேலியை நினைத்துப் பாருங்கள். 1990இல் போரின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையில் சாதாரண மருந்தும் அரிதாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் ஏறத்தாழ முழுவதும் இடம்பெயர்ந்தது. மின்விளக்குச் சிகிச்சை உலகில் பரவிய ஆண்டுகளில் இங்கே பல வீடுகளில் ஒரு மின்குமிழ்கூட எரியவில்லை. செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்களுக்குப் பகல் முழுவதும் வெயில் இருந்தது. அதை மருத்துவ அளவில் பயன்படுத்தச் சொல்லித்தரத் தோல் நோய் நிபுணர் எட்டும் தொலைவில் இல்லை. நிறமியற்ற திட்டு வெயிலில் எளிதில் கருகும். உராய்வும் காயமும் பட்ட இடத்தில் புதிய புள்ளி தோன்றுவதும் இந்நோயின் இயல்பு. மண்வெட்டி பிடிக்கும் கைக்கு இரண்டும் அன்றாடம்.

கதிர்ச் சிகிச்சைக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை போக வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் அரைநாள் கூலியை இழப்பார். கருவி இலவசமாகக் கிடைத்தாலும் இந்தச் செலவைச் சிகிச்சை பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

நோயின் உள்வேலை கடந்த இருபது ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. உடம்பின் நோயெதிர்ப்பு ரி கலங்களே நிறமிக் கலங்களைத் தாக்குகின்றன. காமா இன்ரபெரோன் என்ற சமிக்ஞை அவற்றை மேலும் மேலும் அழைக்கிறது. ஜோன் ஹரிஸ் குழு மசச்சூசெற்சில் இத்தொடரை விளக்கியது. ரிச்சர்ட் ஸ்பிறிற்ஸ் கொலராடோவில் பரம்பரை அலகுகளைத் தேடினார். தைரொயிட் நோய் வெண்புள்ளி உள்ளவர்களில் கூடுதலாகக் காணப்படுவதற்கும் உடம்பு தன்னையே தாக்கும் இந்த இயல்பே அடிப்படை. காமா இன்ரபெரோன் சமிக்ஞையைக் கலத்துக்குள் தடுக்கும் ருக்சோலிற்றினிப் களிம்புக்கு 2022 யூலையில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. 24 வாரத்தில் முகத்துத் திட்டில் முக்கால் பங்குக்கு மேல் நிறம் மீண்டவர்கள் ஏறத்தாழ 30 வீதம். வெறுங்களிம்பு பூசியவர்களில் இது 7 முதல் 11 வீதம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் விலை நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பலருக்குப் பழைய இடத்திலேயே நோய் திரும்புவதும் உண்டு. அந்த ரி கலங்கள் தோலிலேயே தங்கி நினைவோடு காத்திருக்கின்றன.

நோயாளியின் மனம் ஆய்வுக்குள் வந்தது லேர்னர் காலத்தில்தான். சமூகவியலாளர் ஜூடித் போட்டர் அவருடனும் நோட்லண்டுடனும் சேர்ந்து, வெறித்துப் பார்க்கும் கண்களும் அயலாரின் விலகலும் நோயாளரை என்ன செய்கின்றன என்று கேட்டுப் பதிந்தார். 1994இல் கார்டிஃபில் பின்லேயும் கானும் 10 கேள்விகள் கொண்ட, 0 முதல் 30 வரை மதிப்பெண் தரும் தோல் நோய் வாழ்க்கைத்தர அளவுகோலை வகுத்தார்கள். 1999இல் லண்டனில் பபடோபுலஸ் குழு மனநல ஆலோசனை பெற்றவர்களின் தன்மதிப்பும் வாழ்க்கைத்தரமும் உயர்ந்ததைக் காட்டியது. எனக்கு இவை எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது 2003இல் சண்டிகாரில் தேவிந்தர் பர்சாத் குழு 150 நோயாளரிடம் செய்த ஆய்வு. தொடக்கத்தில் வாழ்க்கை அதிகம் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்குச் சிகிச்சையும் குறைவாகவே பலித்தது. மனத்தைக் கவனிக்காமல் தோலை மட்டும் கவனிப்பது தோலுக்கும் போதவில்லை என்பதற்கு இது தெற்காசிய நோயாளரிடமிருந்தே கிடைத்த ஆதாரம்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பாதிப்பு கலியாணப் பேச்சில்தான் கடுமையாக வெளிப்படும். சம்பந்தம் குழம்பும், சீதனத் தொகை ஏறும், தங்கையின் கலியாணத்துக்காக அக்காவை உள்ளே இருத்துவார்கள். மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று தாயைக் குற்றம் சொல்வார்கள், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தமிழ்நாட்டில் நோயாளர்களே திரண்டு வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கத்தை நடத்தி, குட்டம் என்ற சொல்லை நீக்கப் போராடினார்கள். யூன் 25 உலக வெண்புள்ளி நாள். மைக்கேல் ஜாக்சன் மறைந்த நாள் அது. 1993இல் தொலைக்காட்சியில் தமக்கு இந்நோய் உண்டென்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. பிரேத பரிசோதனை அதை உறுதி செய்தது.

அச்சுவேலிப் பிரதேச வைத்தியசாலையிலும் குடாநாட்டின் மற்ற வெளிநோயாளர் பிரிவுகளிலும் கடமை செய்யும் மருத்துவர்களிடமும், கைதடியில் சித்த மருத்துவம் பயிலும் மாணவர்களிடமும் கேட்பது இதுதான். வெள்ளைத் திட்டோடு ஒருவர் வந்தால் வீட்டார் முன்னிலையில் அந்தப் பஞ்சுப் பரிசோதனையைச் செய்து, வெண்புள்ளி என்று உறுதியானால், இது தொழுநோய் அல்ல, தொற்றாது என்று அவர்கள் காதில் விழ வாய்விட்டுச் சொல்லுங்கள். தைரொயிட் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள். திட்டின் அளவைக் குறிக்கும் அதே அட்டையில் அந்தப் 10 கேள்விகளையும் கேட்டு மதிப்பெண்ணைக் குறியுங்கள். மதிப்பெண் 10ஐத் தாண்டினால் மனநலப் பிரிவுக்கும் அனுப்புங்கள்.