கூண்டில் நிற்பவனுக்குத் துணை யார்?

மலையகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோப்பியில் தொடங்கித் தேயிலைக்கு வருவார்கள். கங்காணி, துரை, லயம் என்று போவார்கள். அதே வரலாற்றை நீதவான் நீதிமன்றத்தின் வாசலில் நின்றும் எழுதலாம். தோட்டத் தொழிலாளி அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்தித்த இடங்களில் முக்கியமானது அதுதான்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சொல்லாமல் வேலையை விட்டுப் போவதும், கட்டளைக்குப் பணியாமையும், துடுக்காகப் பேசுவதுமே அதன்படி குற்றங்கள். தண்டனை மூன்று மாதம் வரை சிறை. ஒப்பந்தத்தை மீறியதற்கு இன்று சிவில் வழக்குத்தான் போடலாம். அன்றோ சிறைக்கு அனுப்பலாம். முறைப்பாட்டுக்காரர் துரை. எதிரி, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கூலியாள். துரைக்காகப் பேசச் சட்டமே இருந்தது. கூலியாளுக்காகப் பேச எவருமில்லை. 1920களின் தொடக்கத்தில்தான் இந்தத் தண்டனைப் பிரிவுகளும், கடனோடு ஆளையும் சேர்த்துக் கைமாற்றிய ‘துண்டு’ முறையும் ஒழிந்தன.

அதன் பின்னரும் துணை என்பது தற்செயலாகவே கிடைத்தது. 1923இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்தார். முறைப்பாடுகளைக் கேட்பதும் அறிக்கை அனுப்புவதும் அவர் பணி. குற்றக் கூண்டில் நிற்பவனுக்காக வாதாடுவது அவர் பணியன்று. பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக வேடமிட்டுப் போனார் என்று சொல்வார்கள். அத்துமீறல் சட்டம் வெளியாரைத் தோட்ட எல்லைக்குள் விடாத காலம் அது. பத்திரிகைக்காரனே உள்ளே போக முடியாத இடத்துக்குச் சட்டத்தரணி எப்படிப் போவார்?

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தொடர்ந்து அமைந்த விசாரணை ஆணைக்குழுவின் முன் அவரது மனைவிக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. மலையக மக்கள் அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். நினைக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கொல்வின் வருவதற்கு ஒரு கோவிந்தன் சாக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மறுஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவு கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கே. சட்டம் இறுக்கமானது என்பது உண்மை. ஆவணம் தேடவும், படிவம் நிரப்பவும், விசாரணையில் பதில் சொல்லவும் துணையில்லாத ஒரு சமூகத்தின் மீது அது இன்னும் இறுக்கமாக விழுந்தது என்பதும் உண்மை.

1957ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் தொழில் நியாய சபைகள் பிறந்தன. தொழிலாளிக்காகத் தொழிற்சங்கமே அங்கே தோன்றலாம். இதனால் வேலை பறிபோனால் பேச ஒருவர் உண்டு என்ற நிலை வந்தது. விறகு வெட்டினான், கசிப்பு வைத்திருந்தான், அடிதடியில் இறங்கினான் என்று பொலிஸ் பிடித்தால்? அங்கே சங்கத்துக்கு இடமில்லை.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவை உருவாக்கியது. அதே ஆண்டின் அரசியலமைப்பு, 13ஆம் உறுப்புரையில், குற்றஞ்சாட்டப்பட்டவர் சட்டத்தரணி மூலம் தம் வாதத்தைச் சொல்லும் உரிமையை எழுதிவைத்தது. சட்டத்தரணியை யார் தேடித் தருவது என்று அங்கே எழுதவில்லை. மேல் நீதிமன்ற விளக்கத்தில் வசதியற்ற எதிரிக்கு அரச செலவில் சட்டத்தரணி நியமிக்கப்படுவார். நீதவான் நீதிமன்றத்தில் அப்படியொரு வழக்கமில்லை. ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் போய் நிற்பதோ நீதவான் முன்னால்தான்.

தொண்ணூறுகளின் இறுதியில் மலையக நீதிமன்றமொன்றுக்குச் செய்திக்காகப் போயிருந்தேன். இளைஞன் ஒருவனுக்குப் பிணை வழங்கப்பட்டது. நடவடிக்கை சிங்களத்தில், மொழிபெயர்ப்பு இரண்டு வார்த்தைகளில் முடிந்தது. பிணையாளிகள் வேண்டும், கிராம சேவகரின் வதிவிடச் சான்று வேண்டும் என்பதை அவனுடைய தாயாருக்கு எவரும் விளக்கவில்லை. லயத்துக்குத் தனி விலாசமே கிடையாது. பிணை கிடைத்த அந்தப் பிள்ளை அன்று மாலை விளக்கமறியலுக்குத்தான் போனான். அவனுக்கு அன்று தேவைப்பட்டது பெரிய வாதத் திறமையன்று. தமிழ் தெரிந்த, சட்டம் படித்த ஒருவரின் அரை மணி நேரம்.

இந்த இடத்தில்தான் சட்ட மாணவர்களின் நினைவு வருகிறது. அமெரிக்காவில் அரசு செலவில் எதிரிக்காக வாதாடும் அலுவலகம் 1914இலேயே லொஸ் ஏஞ்சல்ஸில் திறக்கப்பட்டுவிட்டது. 1963இல் கிடியன் வழக்கின் தீர்ப்பு, பாரதூரமான குற்றங்களில் ஏழைக்குச் சட்டத்தரணி அளிப்பதை மாநிலங்களின் கடமையாக்கியது. 1972இல் ஆர்ஜர்சிங்கர் வழக்கு, சிறு குற்றமானாலும் சட்டத்தரணி இல்லாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்றது. அத்தனை சட்டத்தரணிகளுக்கு எங்கே போவது என்ற கேள்வி உடனே எழுந்தது. நீதியரசர் பிரெனன் தமது தனித் தீர்ப்பில், ஏழைகளுக்காகத் தோன்றுவதில் சட்ட மாணவர்கள் கணிசமாகப் பங்களிக்க முடியும் என்று பதில் தந்தார். படிக்கும்போதே மேற்பார்வையின் கீழ் அத்தகைய அலுவலகங்களில் பணியாற்றுவது அங்கே சட்டக் கல்வியின் ஒரு பகுதியாகிவிட்டது.

நம்மிடம் அதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரியில் தேறியவர், மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயில வேண்டும். அந்த ஆறு மாதத்துக்கு நிச்சயமான ஊதியம் எதுவுமில்லை. கொழும்பில் வீடுள்ள பிள்ளைக்கு இது பொருட்டன்று. கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்தில் படித்து வந்த பிள்ளைக்கு அறை வாடகையும் பஸ் கட்டணமுமே பெரும் மலை. மலையகத்திலிருந்து சட்டம் படிக்க வருபவர்கள் முன்னைவிடக் கூடியிருக்கும் காலம் இது. தம் மக்களின் மொழியும் லயத்தின் நிலையும் நன்கறிந்த அவர்கள், பணமில்லாத காரணத்தால் கொழும்பில் கிடைத்த வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது சிறிய காரியம். நுவரெலியாவிலும் அட்டனிலும் சட்ட உதவிப் பணியில் அமர்த்தி, அந்த ஆறு மாதத்துக்கு ஒரு படியையும் கொடுங்கள். பயிலுநர் வாதாட வேண்டாம். எதிரியின் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதட்டும். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லட்டும். வதிவிடச் சான்றைப் பெற்றுத் தரட்டும். அடுத்த தவணை என்றைக்கு என்று தாயாருக்கு விளங்கச் சொல்லட்டும். வாதாட மூத்தவர் இருக்கிறார்.

1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. அந்த விதி லயத்து வாசல் வரை போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கொடுக்கும் மாதப்படி, விளக்கமறியலில் ஒருவரை வைத்துச் சோறு போடும் செலவை எண்ணிப் பார்த்தால், அரசாங்கத்துக்குப் பெரிய பாரமாக இராது.