சத்திரத்துப் படி

ஒரத்தநாடு என்றதும் வரலாறு தெரிந்தவர்கள் முக்தாம்பாள் சத்திரத்தைச் சொல்வார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. முக்தாம்பாள் பட்டத்தரசி அல்லர். மன்னரோடு வாழ்ந்த பெண். தன் பெயரில் ஓர் அன்னசத்திரம் வேண்டும் என்று அவர் கேட்டதாக ஊரில் சொல்வார்கள். அரண்மனை முறைப்படி இடம் தராத ஒருத்தி, பசித்தவர்கள் நாவில் தன் பெயரை நிறுத்திக்கொண்டார். வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

சத்திரங்களில் கும்பினியார் கைவைக்கக் கூடாது என்று 1801இல் சரபோஜி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சத்திர நடைமுறைகள் விரிவாக இருக்கின்றன. அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும், நோயாளிக்கு மருந்து. பயணத்தைத் தொடர முடியாதவர் தங்கும் நாள்வரை உணவு. கர்ப்பிணிக்குச் சத்திரச் செலவில் பிரசவம், அதன்பின் மூன்று மாதம் தங்க அனுமதி. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூப்பிடுவார்கள். அந்த மணியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் மணிச் சத்தம் கேட்கும் தூரத்துக்கு முதலில் வந்து சேர வேண்டுமே. சத்திரத்துச் சோறு நடந்து வருகிறவர்களுக்கானது.

என் அத்தைக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமம்தான். அறுபத்தெட்டு வயதுவரை சத்திரத்தின் உள்ளே பார்த்ததில்லை. கைகளை ஊன்றி நகர்ந்து கொல்லையில் உட்கார்ந்து தென்னங்கீற்று முடைவார். அவர் முடைந்த கீற்றுகள் எத்தனை வீட்டுக்குக் கூரையாயின! காசு மட்டும் தாத்தாவின் கைக்குப் போகும். "அவளுக்கு எதுக்குக் காசு, சோறு போடுறோமே" என்பார் ஆச்சி.

சோறு போடுகிறோமே. இந்தச் சொல்லுக்குக் காவிரிக் கரையில் வயது அதிகம். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் பார்வையற்றோர், காது கேளாதோர், கால் முடமானோர் எல்லோரையும் அழைத்து ஊட்டி, மிஞ்சியதை உண்கிறான். புகாரில் மணிமேகலையும் அமுதசுரபி ஏந்தி அதையே செய்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய பெண் அவள். அவள்மேல் எனக்குக் குறையில்லை. முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் பலமுறை படித்த நூல்தான். உண்ண வந்தவர்களில் பார்வையற்ற ஒருவருக்குக்கூடப் பெயரில்லை என்பது எனக்கு வெகு தாமதமாகவே உறைத்தது. தீராப்பசி நோய் கொண்ட காயசண்டிகைக்குப் பெயரும் பேச்சும் உண்டு. அவள் விஞ்சையர் குலத்தவள்!

புறநானூற்று 28ஆம் பாடலோ சோழன் நலங்கிள்ளிக்கு முன்னால் எட்டுவகைக் குறைப் பிறப்புகளை எண்ணிக் காட்டுகிறது. எண்ணுவதில் நாம் எப்போதும் கெட்டிக்காரர்கள். வெள்ளையரும் 1872 முதல் 1931 வரை குடிக்கணக்கில் பார்வையற்றோரையும் காது கேளாதோரையும் 'குறைபாடு' என்ற தலைப்பில் எண்ணினார்கள். 1941இல் விட்டுவிட்டார்கள். விடுதலைக்குப் பின் 1981இல் அரைகுறையாக ஒருமுறை. முறையாகக் கேட்டது 2001இல்தான்.

அந்த 2001இல் கணக்கெடுக்க வந்தவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் கல்லூரி விடுமுறையில் இருந்தேன். "வீட்ல ஊனமுற்றவங்க யாராவது?" என்று கேட்டார். "அப்படி யாரும் இல்லீங்க" என்றார் ஆச்சி. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த வருடம் அது. கொல்லையில் கீற்று முடையும் சத்தம் சட்டென்று நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

2011 கணக்கில் நாடு முழுவதும் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அதில் பெண்கள் 1.18 கோடி. ஆண்களைவிடக் குறைவு. பெண்ணுடலைக் கால்வாதமும் கண்நோயும் விட்டுவைத்தன என்று நம்ப நான் தயாராக இல்லை. எத்தனை ஆச்சிகள் திண்ணையில் நின்று பதில் சொன்னார்களோ.

2016 சட்டம் தானம் என்ற சொல்லைத் தாண்டி உரிமை என்று பேசுகிறது. அரசுத் திட்டங்களில் விளைநிலமும் வீடும் ஒதுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்கிறது. நெல் விளையும் நாட்டில், ஒரு குழி நிலம்கூடத் தன் பெயரில் இல்லாத பெண்களுக்கு இது சின்னச் செய்தியல்ல. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் இன்னொன்றும் வந்தது: உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன உறுப்பினர் பதவி, கிராம ஊராட்சிக்கு ஒருவர் என்று. அந்த ஒருவர் பெண்ணாக இருப்பாரா என்பதே என் கவலை.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். ஆச்சி இல்லை இப்போது. கீற்றுக்கும் கிராக்கி இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "கூட்டம் எங்க நடக்கும் அம்மாடி?" என்றார்.

"ஊராட்சி ஆபீசுலதான் அத்தை."

"படி எத்தனை?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை ஏறியிறங்கிய கட்டடம். மறுநாள் போய் எண்ணினேன். நான்கு படி. பக்கத்தில் சாய்தளம் ஒன்றும் இருக்கிறது. அதன்மேல் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. யாருடையவை என்று உள்ளே போய்க் கேட்டேன்.