சில்லும் வீதியும்: ஸ்போர்ட்ஸ் கார் சஸ்பென்சனின் வரலாற்றில் மொறிஸ் மைனரின் இடம்

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் உள்ள புத்தூரில் மலையும் இல்லை, மேடும் இல்லை. ஆனால் பிரதான வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் வேலியோடு வேலியாக வெட்டி வெட்டித் திரும்ப வேண்டும். இந்த நிலத்தில் பல பத்தாண்டுகளாக ஓடிய கார்களில் மொறிஸ் மைனருக்குத் தனி இடம் உண்டு. வாடகைக் கார், வாத்தியாரின் கார், கல்யாணக் கார் என்று அறியப்பட்ட அதை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னதில்லை. ஆனால் அதன் முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பை வரைந்த கைகள்தான் பிரித்தானியாவின் பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களைத் திருப்பங்களில் அடங்கி ஓட வைத்தன.

ஒரு காரின் ஓட்டத்தை மேம்படுத்த விரும்புகிறவர்கள் முதலில் கைவைப்பது சஸ்பென்சனில். அதிலும் ஸ்பிறிங்கை இறுக்குவது, காரைத் தாழ்த்துவது என்ற இரண்டையுமே பெரும்பாலானோர் மேம்பாடு என்று எண்ணுகிறார்கள். சஸ்பென்சனின் நூறாண்டு வரலாறு வேறு திசையைக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பெரிய முன்னேற்றங்கள் பலவும் விறைப்பைக் கூட்டியதால் வரவில்லை. ரயர் வீதியை விடாமல் பிடித்திருக்க வழி செய்ததால் வந்தன.

பட்டையும் ஒற்றை அச்சும்

1804இல் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் குதிரை வண்டிக்கு நீள்வட்டப் பட்டை ஸ்பிறிங் பொருத்தக் காப்புரிமை பெற்றார். மோட்டார் கார் வந்தபோது அந்தப் பட்டைகளையும், இரு சில்லுகளையும் இணைக்கும் ஒற்றை அச்சையும் வண்டியிலிருந்தே எடுத்துக்கொண்டது. பட்டைக்கு ஒரு வசதி உண்டு: பாரத்தையும் தாங்கும், அச்சையும் இடத்தில் பிடித்து வைத்திருக்கும். இந்த இரட்டை வேலையே அதன் குறையும் ஆனது. அச்சு அசையாமல் இருக்கப் பட்டை விறைப்பாக இருக்க வேண்டும். பயணம் இதமாக இருக்க அது நெகிழ வேண்டும். தவிர, ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்தால் ஒற்றை அச்சு மறு சில்லையும் சாய்த்துவிடும்.

அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார் செய்தவர்கள் விறைப்பின் பக்கம் சாய்ந்தார்கள். 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 கார்களாக வெளிவந்த எம்ஜி ரீசி அந்த மரபின் கடைசி வாரிசுகளில் ஒன்று. முன்னும் பின்னும் ஒற்றை அச்சு, நான்கு மூலையிலும் பட்டை. வழுவழுப்பான வீதியில் கூர்மையாகத் திரும்பும். கரடான வீதியில் சில்லு துள்ளும். துள்ளும் சில்லுக்கு அந்தக் கணத்தில் பிடிமானம் இல்லை.

பாரம் ஏற்றிய கடிலாக்

இந்தச் சிக்கலை அளந்து பார்த்தவர் மோறிஸ் ஒலி. றோல்ஸ் றொய்ஸிலிருந்து 1930இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனத்துக்குப் போன பொறியியலாளர் அவர். 1932இல் ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் சட்டங்களை நீட்டி, அவற்றில் பாரங்களை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிறிங் பின் ஸ்பிறிங்கைவிட மென்மையாக இருந்தால் கார் முன்னும் பின்னும் ஆடாமல் மட்டமாகப் போகிறது என்பது அவர் கண்டது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சில்லு. பின்சில்லு சற்றுத் தாமதமாக ஏறினாலும் வேகமாக அசைந்தால் முன்பக்கத்தின் அசைவை எட்டிப் பிடித்துவிடும்.

முன் ஸ்பிறிங்கை அவ்வளவு மென்மையாக்கினால் பட்டையால் அச்சைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஆகவே இரு வேலைகளையும் பிரிக்க வேண்டியதாயிற்று: பாரத்தைத் தாங்கச் சுருள் ஸ்பிறிங், சில்லை வழிநடத்த மேலும் கீழும் இரண்டு கைகள். 1934ஆம் ஆண்டு கடிலாக் கார்களில் முன்சில்லுகள் தனித்தனியாக அசையத் தொடங்கின. அதே ஆண்டு பிரான்ஸின் சித்ரோவன், சுருளுக்குப் பதிலாக முறுக்குக் கம்பியைப் பூட்டி முன்சில் இழுவைக் காரொன்றை வெளியிட்டது.

இசிகோனிஸின் வரைபலகை

அலெக் இசிகோனிஸ் 1906இல் ஸ்மேர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். 1930களில் தன் நண்பர் ஜோர்ஜ் டவ்சனுடன் சேர்ந்து ஒஸ்ரின் செவன் பாகங்களைக் கொண்டு ஒரு சிறு பந்தயக் காரைக் கையால் செய்தார். ஒட்டுப்பலகையின் மேல் அலுமினியத் தகடு வைத்த உடல், ஸ்பிறிங்குக்கு இறப்பர், நான்கு சில்லும் தனித்தனி. 1936இல் மொறிஸ் நிறுவனத்தில் சேர்ந்து, ஜாக் டானியல்ஸ் என்ற வரைஞருடன் சாதாரண மொறிஸ் ரென் காருக்காக ஒரு முன் சஸ்பென்சனை வரைந்தார். சுருள் ஸ்பிறிங், கீழே முக்கோணக் கை, மேலே சொக் அப்சோபரின் நெம்புகையே மேற்கையாகவும் வேலை செய்யும் சிக்கனம், அதனோடு பற்சட்ட ஸ்ரியறிங்.

அந்த வரைபடம் போருக்குப் பின் 1947இல் எம்ஜி வை வகைக் காரில் உயிர்பெற்றது. ரீசிக்கு அடுத்து வந்த எம்ஜி ரீடி அதை எடுத்துக்கொண்டது. அந்தக் கார் ஏறத்தாழ 30,000 விற்றது. அதன் வழியே 1955இல் எம்ஜிஏயும் 1962இல் எம்ஜிபியும் வந்தன. குடும்பக் காருக்கென வரைந்த மென்மையான அமைப்பு, விறைப்பையே பெருமையாகக் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் மரபை உள்ளிருந்து மாற்றியது.

அதே இருவரின் கையில் வளர்ந்து 1948இல் மொறிஸ் மைனர் வெளிவந்தது. இங்கே சுருளின் இடத்தில் முறுக்குக் கம்பி. காரின் நீளவாக்கில் தரைக்கடியில் கிடக்கும் அந்த உருக்குக் கம்பியின் பின்முனை அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். முன்முனை சில்லின் கையோடு முறுகும். இயந்திரத்தை மிக முன்னே வைத்ததால் கார் நேர்கோட்டை விடாது. முன்மாதிரி ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நெடுக்காக அறுத்து 4 அங்குலம் அகட்டினார்கள். அந்த அகலமும் திருப்பத்தில் உதவியது. 1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற ஸ்போர்ட்ஸ் கார், தன் ஸ்ரியறிங்கை மைனரிடமிருந்தே வாங்கிக்கொண்டது.

ஒரு கணக்கு

விறைப்பான ஸ்பிறிங் காரின் சாய்வைக் குறைக்கும். ஆனால் திருப்பத்தில் உட்பக்கச் சில்லிலிருந்து வெளிப்பக்கச் சில்லுக்குப் போகும் பாரத்தை அது ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. 1,000 கிலோ கார், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 50 சென்ரிமீற்றர், சில்லுகளுக்கிடையே 140 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். புவியீர்ப்பில் 0.8 மடங்கு பக்கவிசையில் அது திரும்பினால் சுமார் 285 கிலோ பாரம் வெளிப்பக்கம் மாறும். ஸ்பிறிங் எதுவானாலும் அளவு இதுதான். அதைக் குறைக்க மையத்தைத் தாழ்த்த வேண்டும், சில்லுகளை அகட்ட வேண்டும், அல்லது பாரத்தையே குறைக்க வேண்டும்.

இடது, வலது சில்லுகளை இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பி செய்யும் வேலையும் இந்தக் கணக்கில்தான் விளங்கும். அந்தப் பாரமாற்றத்தில் முன்பக்கத்தின் பங்கு எவ்வளவு, பின்பக்கத்தின் பங்கு எவ்வளவு என்று அது பிரிக்கிறது. முன்கம்பி தடித்தால் மூக்கு வெளியே தள்ளும். பின்கம்பி தடித்தால் வால் வெளியே வரும். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், விட்டத்தில் 10 வீதம் கூட்டினாலே விறைப்பு 46 வீதம் உயர்ந்துவிடும். கண்ணுக்குச் சிறிதாகப்படும் மாற்றம் காரின் குணத்தையே புரட்டுவது இதனால்தான்.

இதைச் செயலில் காட்டியவர் லோட்டஸ் நிறுவனர் கொலின் சப்மன். 1962இல் வந்த லோட்டஸ் எலானின் ஸ்பிறிங் மென்மையானது. உடல் இலேசு, சில்லின் பாதை துல்லியம், சொக் அப்சோபர் கட்டுப்பாடானது. இதமாகவும் ஓடியது, பிடித்தும் திரும்பியது.

ஒரு பின்னடைவும் திருத்தமும்

எம்ஜிபியின் கதை எதிர்ப்பக்கச் சான்று. அமெரிக்க விதிகளுக்கு இணங்க 1974இல் அந்தக் காருக்கு இறப்பர் பம்பர் பூட்டி, உயரத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டினார்கள். பின்னர் முன் சாய்வுத் தடுப்புக் கம்பியையும் எடுத்துவிட்டார்கள். கார் திருப்பத்தில் படகாடியது. 1976இல் முன்னே தடித்த கம்பியும் பின்னே புதிதாக ஒரு கம்பியும் பூட்டித் திருத்தினார்கள். இன்றும் எம்ஜிபி வைத்திருப்போர் செய்யும் மேம்பாடுகள் அந்த வரிசையையே பின்பற்றுகின்றன: உயரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, கம்பிகளைச் சமன்படுத்துவது, நெம்புகைச் சொக் அப்சோபருக்குப் பதிலாகக் குழாய் வடிவத்தைப் பூட்டுவது. கடைசி மாற்றத்துக்குக் காரணம் சூடு. நெம்புகை வகையில் எண்ணெய் சிறிது. தொடர்ந்து அடிபட்டால் சூடேறி இளகிவிடும்.

வீதி வைத்த சோதனை

யாழ்ப்பாணத்தில் இந்த அமைப்புக்குப் பந்தயத் தடத்தைவிடக் கடினமான சோதனை நடந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய கார்களைத் தெருவில் வைத்திருந்தன. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருமையானபோது, சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் முன்னின்றன. வீதிகள் பல உடைந்து கிடந்தன. மைனரின் முறுக்குக் கம்பி தளர்ந்தால் புதியது தேட வேண்டியதில்லை. அதன் பல்வரிசையை மாற்றிப் பூட்டி உயரத்தை மீட்கலாம். ஒரு பக்கம் பழகிய கம்பியை மறுபக்கம் பூட்டக்கூடாது என்பதே நிபந்தனை.

2009க்குப் பின் பிரதான வீதிகள் காப்பெற் வீதிகளாயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இருக்கிற காரை மேம்படுத்தும் ஆர்வத்துக்கு இந்த இடைவெளியும் இடம் தந்தது. காரைத் தாழ்த்திக் குட்டை ஸ்பிறிங் பூட்டினால் சில்லு மேலே அசையும் தூரம் குறையும். காப்பெற் வீதியில் அது தெரியாது. ஒழுங்கைக் குழியில் கை தடுப்பில் மோதும். அந்தக் கணத்தில் ஸ்பிறிங்கின் விறைப்பு பல மடங்காகி ரயர் நழுவும்.

ஆகவே புத்தூர் போன்ற ஊரில், மைனரோ நவீன ஸ்போர்ட்ஸ் காரோ, வேலையின் ஒழுங்கு இப்படி அமையலாம். முதலில் தேய்ந்த இறப்பர் புஷ்களையும் மூட்டுகளையும் மாற்றி, சில்லுக் கோணங்களைச் சரிபார்க்க வேண்டும். மைனரில் முன்சில்லின் கீழ்மூட்டுக்குக் கிறீஸ் தவறினால் அது கழன்று சில்லே மடிந்துவிடக்கூடும் என்பதால் அதுவே முதல் வேலை. அடுத்து நல்ல ரயரும் சொக் அப்சோபரும். பிறகு சாய்வுத் தடுப்புக் கம்பி; ஒரு தடவைக்கு முன்பக்கம் அல்லது பின்பக்கம் மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஸ்பிறிங்கைத் தொடுவது கடைசியில், அதுவும் கார் நாளாந்தம் ஓடும் மோசமான வீதியின் குழி ஆழத்தை அளந்த பிறகு.