சிட்ரோயன் 2சிவி
பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1948-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய சிறு கார். 1990 வரை உற்பத்தியில் இருந்தது. விலை மலிவுதான் இதன் புகழுக்குக் காரணம் என்பது பாதி உண்மையே. நிறுவனத் தலைவர் பியர்-ஜூல் பூலாஞ்சே கேட்டது, இரண்டு உழவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் சுமந்து, கூடையிலுள்ள முட்டை உடையாமல் உழுத வயலைக் கடக்கும் வண்டி. அதனால்தான் முன், பின் சக்கரங்கள் பக்கவாட்டு உருளைக்குள் அடைத்த சுருள்வில்களால் இணைக்கப்பட்டன; முன்சக்கரம் மேட்டில் ஏறும்போதே பின்பக்கமும் சற்று உயர, குலுக்கல் வெகுவாகத் தணிந்தது. 375 சிசி எஞ்சினைக் காற்றே குளிர்வித்ததால் ரேடியேட்டரும் இல்லை, அது கொதிக்கும் தொல்லையும் இல்லை.

வெறும் 9 குதிரைத்திறன் போதுமா என்ற கேள்வி நியாயமானதே. தொடக்க வண்டிகள் ஏற்றங்களில் திணறின. ஆனால் குதிரைவண்டிப் பாதைக்காகப் பிறந்ததை நெடுஞ்சாலை வேகத்தால் அளப்பது பொருந்தாது. எஞ்சின் பின்னாளில் 602 சிசி ஆனது. சுருட்டி மடக்கும் துணிக்கூரையும், போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் மட்கார்டும் கடைசி வரை மாறவில்லை.